முதல் தையல் உள்பாவாடையாக இருக்கட்டும்: 36 இன்ச் துணியில் ஆறு துண்டு

தையல் மிஷின் வாங்கிய கையோடு ரவிக்கை தைக்க உட்காருபவர்களில் பலர் சில வாரங்களிலேயே மிஷினை உறை போட்டு மூடிவிடுகிறார்கள். ரவிக்கையில் கை வளைவு, கழுத்து, டாட் (உடலோடு பொருந்தத் துணியைக் கூம்பாகப் பிடித்துத் தைப்பது), கொக்கிப் பட்டி எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். கால் இன்ச் தப்பினாலும் தோளில் தெரியும். உள்பாவாடை அப்படியில்லை. நேர்த்தையல், சாய்வுத் தையல், திறப்பு, பட்டி, அடிமடிப்பு என்று பின்னால் எந்த உடைக்கும் தேவைப்படுகிற வேலைகள் இதில் அடங்கிவிடுகின்றன. பிசகினாலும் சேலை மறைத்துக்கொள்ளும். கடையில் வாங்குவது பெரும்பாலும் ஒரே உயரத்தில் வருவதால் குள்ளமானவருக்குத் தரையைக் கூட்டும், உயரமானவருக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். நம் உயரத்துக்கு நாமே தைத்ததைக் கட்டிப் பார்த்தால்தான் அருமை புரியும்.

இது நான்கு நாள் வேலை, நாளுக்கு ஒன்றரை மணி நேரம். அடிமடிப்பு மட்டும் மறுநாள் காலைக்குப் போகும். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் நறுக்குவதில் அவசரம் வரும், அங்கே வந்த பிழையைத் தையலால் சரிசெய்ய முடியாது.

துணி

நூறு சதவீதப் பருத்தி பாப்ளின். வேறு எதுவும் வேண்டாம். சாட்டின் வழுக்கும், ஊசி போன தடம் அழியாது. பாலியெஸ்டர் கலந்த துணி தைக்கச் சுலபம்தான், ஆனால் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் காலோடு ஒட்டும். தேக்கா நிலையத்தின் மாடிக் கடைகள், முஸ்தஃபா, அரபு ஸ்திரீட், பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் என்று துணி தேடப் பல இடங்கள் உண்டு. கடையில் நிறத்துக்கு முன்னால் அகலத்தைக் கேளுங்கள். 36 இன்ச் அகலமா, 44 இன்ச் அகலமா என்பதைப் பொறுத்து வாங்கவேண்டிய நீளம் மாறும்.

இந்தப் பதிவின் கணக்கு முழுவதும் தைத்து முடித்த உயரம் 38 இன்ச், சீட் சுற்றளவு 40 இன்ச் என்ற அளவுக்கு. சீட் என்பது பின்புறம் அதிகம் பருத்த இடம். உயரத்தை எடுக்கும்போது சேலை கட்டும் இடத்தில் ஒரு நாடாவை இறுக்காமல் கட்டி, சேலையோடு போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு, நாடாவிலிருந்து தரைக்கு ஒன்றரை இன்ச் மேலே வரை அளக்கவேண்டும். குனிந்து நீங்களே அளந்தால் ஓர் இன்ச்சாவது தப்பும். வீட்டில் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள்.

36 இன்ச் அகலத் துணியென்றால் 2.4 மீட்டர். 44 இன்ச் என்றால் 2.1 மீட்டர் போதும், இடுப்புப் பட்டி அகலத்தின் மிச்சத்திலேயே கிடைத்துவிடும். இதோடு ஒரே நிறத்தில் பாலியெஸ்டர் நூல் 200 மீட்டர்ச் சுருள் ஒன்று, முக்கால் இன்ச் அகலப் பருத்தி நாடா 2 மீட்டர், 80/12 ஊசி ஒரு பொட்டலம், குண்டூசி, சாக், ஊக்கு, தையல் பிரிக்கும் கொக்கி. துணிக்கென்று வைத்த கத்தரிக்கோலால் காகிதம் வெட்டக் கூடாது. காகிதம் முனையை மழுக்கும், பிறகு துணியை வெட்டாமல் மெல்லும்.

முதல் நாள்: நனைத்தல்

புதுப் பருத்தித் துணி முதல் சலவையில் நீளவாக்கில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். 38 இன்ச்சில் அது ஓர் இன்ச்சுக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு இன்ச் வரை வரும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவைக்குப் பிறகு சேலையின் அடியில் பாவாடை குட்டையாகிவிடும். எனவே வழக்கமாக எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துணியை ஒருமுறை துவைத்துவிடுங்கள். மெரூன், கருநீலம், சிவப்பு என்றால் ஈரத் துணிமேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வைத்து அழுத்திப் பார்க்கவேண்டும். சாயம் ஒட்டினால், ஒட்டாதவரை அலசியே ஆகவேண்டும். மழையில் நனைந்தாலோ வியர்த்தாலோ அந்தச் சாயம் நேராகச் சேலைக்குத்தான் போகும்.

உலர்த்துவதிலும் கவனம் தேவை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மூங்கில் கழியில் துணியைக் கோணலாகப் போட்டால் ஈரக் கனத்தில் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) ஒன்றுக்கொன்று சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்த துணியில் எவ்வளவு நேராக நறுக்கினாலும் தைத்த பிறகு ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கும். துணியை இரண்டாக மடித்து, கரையோடு (நெய்யும்போதே அமைந்த, பிசிறாத பக்க ஓரம்) கரை சேர்த்துப் போடுங்கள். முழுவதும் காயுமுன், லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். பாவு நூலின் வாக்கில் தேய்க்கவேண்டும், குறுக்கே இழுத்துத் தேய்த்தால் வடிவம் போகும்.

சில துணிகளில் நனைத்த பிறகு கரை மட்டும் இழுத்துக்கொண்டு ஓரம் சுருங்கி நிற்கும். அந்தக் கரையில் 3 இன்ச்சுக்கு ஒன்றாகக் கால் இன்ச் ஆழத்துக்குக் குறுக்காகச் சிறு வெட்டுக் கொடுத்தால் துணி தளர்ந்து படுத்துவிடும்.

துணியின் வெட்டு முனை நேராக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். முனையருகே ஓர் ஊடை நூலைக் குண்டூசியால் கிளப்பி, மெதுவாக உருவினால் துணியின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழும். அந்தக் கோட்டில் வெட்டினால்தான் நேர்முனை கிடைக்கும். நூல் நடுவில் அறுந்தால், அறுந்த இடம்வரை வெட்டிவிட்டு மறுபடி கிளப்பலாம். பத்து நிமிடம் ஆகும். அடுத்து எடுக்கும் எல்லா அளவும் இந்த முனையிலிருந்துதான் தொடங்குகிறது.

மிஷினைத் தயார் செய்தல்

துணி காயும் நேரத்தில் மிஷினைப் பழகலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த மிஷின் என்றால் இந்தியாவிலும் இங்கேயும் மின்னழுத்தம் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மூன்று செவ்வக முனைக்கு மாற்றவேண்டும். ஜப்பான் உள்நாட்டு மிஷின் 100 வோல்ட், அமெரிக்க மிஷின் 120 வோல்ட். அவற்றுக்கு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் முடியாது. வெறும் அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது, மோட்டார் கருகிவிடும். பழைய மிஷின் என்றால் அடிப்பக்கத் தகட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே மின்சாரம் கொடுங்கள்.

மேசைக்கு அடியில் ரப்பர் விரிப்புப் போட்டால் அதிர்வு கீழ்வீட்டுக்கு இறங்காது. இரவு 10 மணிக்கு மேல் மிதிக்காமலிருப்பது நல்லது.

முதல் பயிற்சி நூலில்லாமல் காகிதத்தில். கோடு போட்ட நோட்டுத் தாளை ஃபுட்டுக்கு (ஊசியருகே துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) அடியில் வைத்து கோட்டின்மேலேயே ஓட்டுங்கள். மூன்று தாள் முடியும்போது கால் மிதி பழகிவிடும். அந்த ஊசி காகிதத்தில் மழுங்கியிருக்கும், அதைக் கழற்றிவிட்டுப் புது ஊசி போடவேண்டும். ஊசியின் மேல்தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். இன்றைய வீட்டு மிஷின்களில் பெரும்பாலும் அந்தத் தட்டைப் பக்கம் பின்னால் பார்க்கவேண்டும். திருப்பி மாட்டினாலோ மேலே முட்டும்வரை ஏற்றாமல் விட்டாலோ தையல் விட்டுவிட்டு விழும்.

தையல் நீளம் 2.5, டென்ஷன் (மேல்நூலின் இறுக்கம்) 4. இதே பாப்ளினின் துண்டை இரண்டாக மடித்து ஒரு கோடு ஓட்டிப் பாருங்கள்.

கற்றுக்கொள்பவர்களைக் கலங்கடிப்பது துணியின் அடியில் நூல் கூடு கட்டிக்கொள்வது. மேலே தையல் ஒழுங்காகத் தெரியும், திருப்பினால் கொசகொசவென்று நூல் சிக்கு. உடனே பாபினை (அடிநூல் சுற்றிய சிறு உருளை) கழற்றி அடிநூலைத் திருத்தப் போவார்கள். கோளாறு பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். ஃபுட் கீழே இறங்கியிருக்கும்போது டென்ஷன் தட்டுகள் மூடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் நூல் கோத்தால் நூல் தட்டுகளுக்கு இடையே இறங்காமல் வெளியே கிடக்கும், பிடிமானம் இருக்காது. அடியில் சுழலும் கொக்கி வேண்டிய மட்டும் நூலை இழுத்து இழுத்துக் குவித்துவிடும். ஆகவே நூல் கோக்கும்போது ஃபுட் மேலேதான் இருக்கவேண்டும். கோத்து முடித்ததும் ஃபுட்டை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள், கைக்கு இழுவை தெரிந்தால் சரி. மேலும் கீழும் ஆடும் கொக்கிக் கையின் துளையில் நூல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அதில் நூல் இல்லாவிட்டாலும் இதே கூடுதான் கட்டும். தையல் தொடங்கும்போது இரு நூல் வாலையும் பின்பக்கம் பிடித்துக்கொண்டு மூன்று தையல் போகவிட்டால் தொடக்கச் சிக்கும் வராது.

கைச்சக்கரத்தை எப்போதும் நம் பக்கமாகவே சுற்றவேண்டும். துணியைப் பின்னாலிருந்து இழுக்கக் கூடாது, ஊசி வளைந்து தகட்டில் இடித்து முறியும்.

இரண்டாம் நாள்: குறித்தலும் நறுக்கலும்

பாவாடைத் துண்டுக்கு நீளம் 38¼ இன்ச். எப்படியென்றால் 38இல் பட்டி ஒன்றரை இன்ச் போக 36½, மேல் தையலுக்கு ½, அடிமடிப்புக்கு 1¼. இரண்டு மடங்கு 76½ இன்ச். அதை அளந்து வெட்டி, நல்ல பக்கம் உள்ளே வருமாறு குறுக்கே இரண்டாக மடியுங்கள். கரைகள் இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கவேண்டும். பிறகு, அடுக்கு கலையாமல் மடிப்பை வெட்டிப் பிரித்துவிடுங்கள். மீதித் துணியில் 36 இன்ச் நீளம், 4 இன்ச் அகலத்தில் பட்டிக்கு இரண்டு துண்டு எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்போது சாய்வுக் கணக்கு. சீட் 40உடன் தளர்வு 6 சேர்த்தால் 46. அதில் பாதி 23. தையலுக்கு 3 சேர்த்தால் 26. துணி அகலம் 36இலிருந்து 26ஐக் கழித்தால் 10, அதில் பாதி 5. இந்த 5தான் சாய்வு. நனைத்த பிறகு அகலம் 35½ ஆகிவிட்டால் 36க்குப் பதில் அதைப் போடுங்கள்.

மடித்த துணியின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. மேல் ஓரத்தில் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 3 இன்ச்சில் புள்ளி. கீழ் ஓரத்தில் 3உடன் சாய்வு 5 சேர்த்து 8 இன்ச்சில் புள்ளி. மேல்புள்ளியையும் கீழ்ப்புள்ளியையும் அளவுகோல் வைத்து இணையுங்கள். நடுத்துண்டு மேலே 6, கீழே 16 ஆக வரும். இரு பக்கத் துண்டுகளும் மேலே 15, கீழே 10. பக்கத் துண்டுகளைத் தலைகீழாகத் திருப்பினால் 10 இடுப்புக்கும் 15 அடிக்கும் போகும். இரண்டு அடுக்கிலும் சேர்த்து நடுத்துண்டு 2, பக்கத்துண்டு 4. துணியில் வீண் என்று ஒன்றுமில்லை. துண்டுகள் திரும்புவதால்தான் ஒரே திசையில் பூ அச்சிட்ட துணி இந்த வெட்டுக்கு ஆகாது.

தைத்து முடித்தால் மேல் சுற்று 46, அடிச் சுற்று 86. பஸ் படி ஏற இது போதும். சீட் 44க்கு மேல் என்றால் 36 இன்ச் துணியில் அடிச் சுற்று குறுகிவிடும். அவர்கள் 44 இன்ச் துணியின் முழு அகலத்தையும் இந்தக் கணக்கில் போட்டு, பட்டிக்குத் தனியாகக் கால் மீட்டர் கூட வாங்கவேண்டும்.

குறிப்பதற்குச் சாக் மட்டும். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். மெழுகுச் சாக் என்றால் கோட்டின்மேல் இஸ்திரி படக் கூடாது, மெழுகு உருகி ஊறிவிடும். நறுக்கியதும் ஒவ்வொரு துண்டிலும் இடுப்புக்குப் போகும் ஓரத்தில் சாக்கால் ஓர் அடையாளம் இடுங்கள். பக்கத்துண்டின் 10க்கும் 15க்கும் கண்பார்வையில் பெரிய வித்தியாசம் தெரியாது, தலைகீழாகத் தைத்துவிட்டால் பிரிப்பதற்கு ஒரு மணி நேரம்.

மூன்றாம் நாள்: சேர்த்தல், திறப்பு

ஊசியிலிருந்து வலப்பக்கம் அரை இன்ச் அளந்து மிஷின் தகட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். தைக்கும்போது கண் ஊசியைப் பார்க்கக் கூடாது, துணியின் ஓரம் டேப்பைத் தொட்டுக்கொண்டே போகிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும். தையல் நேராவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

நடுத்துண்டின் சாய்வு ஓரத்தோடு பக்கத்துண்டின் சாய்வு ஓரத்தைச் சேர்த்து, 4 இன்ச்சுக்கு ஒரு குண்டூசி குத்துங்கள். ஊசி அருகே வந்ததும் குண்டூசியை எடுத்துவிடுங்கள், அதன்மேல் தைத்தால் ஊசி முனை போகும். சாய்வு ஓரம் கை பட்டாலே நீளும். அதனால் அடியிலிருந்து இடுப்பை நோக்கி, அகலத்திலிருந்து குறுகலை நோக்கித் தைக்கவேண்டும். மேலிருந்து கீழே தைத்தால் மிஷின் துணியைத் தள்ளிக்கொண்டே போய், அடியில் ஒரு துண்டு மற்றதைவிடக் கால் இன்ச் நீண்டு நிற்கும்.

ஒவ்வொரு தையலையும் முடித்த உடனே, அடுத்ததைத் தொடுமுன் இஸ்திரி. முதலில் தையலின்மேலேயே தட்டையாக, பிறகு ஓரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து. கடைத் தையலுக்கும் வீட்டுத் தையலுக்கும் உள்ள வித்தியாசம் பாதிக்கு மேல் இந்த இஸ்திரியில்தான் இருக்கிறது. பிறகு முதல் தையலுக்கு வெளியே நூலிழை இடைவெளியில் இன்னொரு கோடு. ஓவர்லாக் மிஷின் இல்லாவிட்டால் வெட்டு ஓரங்கள் இரண்டையும் சேர்த்து, அகலம் 4, நீளம் 2 வைத்து ஜிக்ஜாக் அடித்தால் பிசிறு வராது.

முன்பாதி, பின்பாதி ஆனதும் பக்கத் தையல். இங்கே கரையோடு கரை சேர்வதால் பிசிறடிக்க வேலையில்லை. நாடா முடிச்சு எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கத் தையலை மேலிருந்து 6 இன்ச் விட்டுத் தொடங்குங்கள்.

உள்பாவாடை கிழிந்தால் இந்தத் திறப்பின் அடிமுனையில்தான் கிழியும். குனியும்போதும் உட்காரும்போதும் துணி இரு பக்கமும் விரிந்து, இழுவை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் விழுகிறது. ஆகவே தையல் தொடங்கும் அந்த இடத்தில் அரை இன்ச்சுக்கு முன்னும் பின்னுமாக மூன்று முறை போகவேண்டும். பிறகு திறப்பின் இரு ஓரத்தையும் அரை இன்ச் உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, ஒரு பக்கம் மேலிருந்து இறங்கி, அடிமுனையில் ஊசியைத் துணிக்குள் இறக்கிய நிலையில் ஃபுட்டைத் தூக்கித் துணியைத் திருப்பி, குறுக்கே ஐந்தாறு தையல், மறுபடி திருப்பி மறுபக்கம் மேலே ஏறுங்கள். அந்தக் குறுக்குத் தையலின்மேல், நீளத்தைக் கிட்டத்தட்டச் சுழியமாகக் குறைத்து நெருக்கமான ஜிக்ஜாக் ஒரு சென்டிமீட்டருக்கு ஓட்டுங்கள். பின்பக்கம் அரை இன்ச் அகல நாடாத் துண்டு ஒன்றை வைத்துச் சேர்த்துத் தைத்தால் இன்னும் உறுதி.

நான்காம் நாள்: பட்டி, மறுநாள் காலை அடிமடிப்பு

பட்டித் துண்டுகளை இணைத்து 47 இன்ச்சுக்கு வெட்டுங்கள். இரு முனையையும் அரை இன்ச் உள்ளே மடித்துத் தைத்துவிடவேண்டும், நாடா நுழையும் வாய் அதுதான். ஒரு நீள ஓரத்தை அரை இன்ச் மடித்து இஸ்திரி போடுங்கள். மடிக்காத ஓரத்தை எடுத்து, பட்டியின் நல்ல பக்கம் பாவாடையின் உள்பக்கத்தோடு சேருமாறு வைத்துத் தையுங்கள். பட்டியை மேலே தூக்கி முன்பக்கம் மடித்தால், மடித்த ஓரம் முதல் தையல் கோட்டைத் துளி தாண்டி உட்காரும். அதன் ஓரத்தை ஒட்டி ஒரு கோடு. உள்ளே தொடங்கி வெளியே முடிப்பதால் கடைசித் தையலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். இதை மாற்றி, வெளியே தொடங்கி உள்ளே முடித்தால் அடியில் எங்கே விட்டது என்று தெரியாது.

பட்டியைக் கிளிப் ஹேங்கரில் மாட்டி ஓர் இரவு தொங்கவிடுங்கள். சாய்வுத் தையல்கள் தம் கனத்தில் இறங்கி நிற்கும். காலையில் பார்த்தால் நான்கு சாய்வுத் தையலின் அடியிலும் துணி மூக்கு போல நீண்டிருக்கும். 38¼ இன்ச் நேர்க்கோட்டுக்கு 5 இன்ச் சாய்ந்த கோடு ஏறக்குறைய மூன்றில் ஒரு இன்ச் கூடுதல் நீளம் என்பதால் வருவது இது. அந்த மூக்குகளை மெல்லிய வளைவாக நறுக்கிவிட்டு, அடியை அரை இன்ச், பிறகு முக்கால் இன்ச் மடித்து உள்பக்கத்திலிருந்து தையுங்கள். நறுக்காமல் மடித்தால் ஒவ்வொரு தையலிலும் மடிப்பு முறுக்கிக்கொள்ளும்.

நாடா கோக்க ஊக்கு போதும். முக்கால் இன்ச்சுக்குக் குறைந்த கயிறு வேண்டாம். மெல்லிய கயிறு நாள் முழுக்க ஒரே கோட்டில் அழுத்தினால் இடுப்புத் தோல் கறுத்து, நாளடைவில் புண்ணாகலாம். கோத்து முடித்ததும் நாடாவின் நடுவையும் பட்டியின் பின்நடுவையும் சேர்த்துக் குறுக்கே நாலு தையல் போட்டுவிடுங்கள். துவைக்கும்போது நாடா உருவி வராது.

கட்டிக்கொண்டு கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்து, நாலு படி ஏறி இறங்குங்கள். பிறகு கழற்றி, திறப்பின் அடிமுனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் நீண்டு வெளிச்சம் கசிந்தால் அந்த இடத்தில் இன்னொரு நாடாத் துண்டு வைத்துத் தைத்துவிட்டே சலவைக்குப் போடுங்கள்.